அனுஷத்துக்குப் பக்கத்தில் ஒரு குதிரை

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் தகரக் கொட்டாயைப் பற்றி ஊரில் பல கருத்துகள் உண்டு. முதலில் கோழி வளர்க்கப் போகிறோம் என்றார்கள். கோழிச் சத்தமே கேட்கவில்லையே என்று யோசித்தவர்கள், செல்போன் டவர் வரப்போகிறது என்றார்கள். டவரும் வராமல் போகவே, டீச்சருக்குத் தலையில் ஏதோ ஆகிவிட்டது என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள். சொன்னதில் இது ஒன்றுதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஏரியூரிலிருந்து வரும் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, காட்டுக்கு நடுவில் எங்கள் வீடு; எங்கள் பக்கம் மேட்டு நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். கணவர் விவசாயம் பார்க்கிறார். மாமரமும் கொஞ்சம் நிலக்கடலையும். அந்தக் கொட்டாய்க்குள் இருப்பது ஒரு சின்னத் தொலைநோக்கி, நட்சத்திரங்கள் நகர நகர அதையும் மெல்லத் திருப்பிக்கொண்டே போகும் ஒரு மோட்டார், ஒரு கேமரா, ஒரு லேப்டாப், எலி கடித்த ஒரு நாற்காலி. கொட்டாயின் கூரை மட்டும் தனியாக, இரும்புக் கேட்டுக்கு மாட்டும் சக்கரத்தின் மேல், தள்ளினால் நகரும். வெல்டிங் பட்டறைக்காரரிடம் இதைச் செய்யச் சொன்னபோது, கூரையைத் தள்ளிவிட்டால் மழை பெய்தால் நனையுமே என்றார். நனையும், அதனால்தான் திரும்ப மூடவும் முடிய வேண்டும் என்றேன். அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் மாமரத்தைப் பார்த்தார்.

தொலைநோக்கி வந்த புதிதில் ஆட்கள் வரத்தான் செய்தார்கள். நிலாவைக் காட்டினால், குண்டும் குழியுமாக நம் பஞ்சாயத்து ரோடு மாதிரி இருக்கிறதே என்றார்கள். சனியைக் காட்டினால் கதையே வேறு. சனிப்பெயர்ச்சி நடந்த வாரத்தில் ஒரு பெரியவர் வந்து, வளையத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, இவர் இப்போது எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று கேட்டார். நம்மை இல்லை என்றேன். நிம்மதியாகப் போனார். அதற்குப் பிறகு கூட்டம் அதிகமாகிவிட்டதால் சனியைக் காட்டுவதை நிறுத்திக்கொண்டேன்.

நான் அந்தக் கோடையில் படம் எடுக்க ஆசைப்பட்டது சனியை இல்லை, ஒரு தூசியை. நட்சத்திரங்களுக்கு நடுவே புகை மாதிரி பரவிக் கிடக்கும் தூசிப் படலத்தை நெபுலா என்பார்கள். நான் சொல்லும் இந்த நெபுலாவுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பக்கத்தில் இருக்கும் நட்சத்திரத்தின் ஒளி மேலே பட்டு, மங்கலான நீலத்தில் தெரியும். உருவம் அச்சு அசல் குதிரைத் தலை. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நட்சத்திரம் கூட இருக்கிறது. விருச்சிகத்தில், அனுஷ நட்சத்திரத்துக்குப் பக்கத்தில். எங்கள் தலைமையாசிரியர் விருச்சிக ராசி. உங்கள் ராசியில் எக்கச்சக்கமாகத் தூசி மண்டிக் கிடக்கிறது சார் என்று சொன்னேன். பரிகாரம் ஏதாவது இருக்கிறதா என்று நிஜமாகவே கேட்டார்.

இந்தக் குதிரை வெறும் கண்ணுக்குத் தெரியாது. தொலைநோக்கியில் கண்ணை வைத்தாலும் தெரியாது. கேமராவைத் திறந்து வைத்து, மணிக்கணக்காக, பல ராத்திரிகள் அதே இடத்தைப் படம் எடுத்து, அத்தனை படத்தையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் மெல்லத் தலைகாட்டும். அதிலும் என் கேமராவுக்குள் முழுத் தலையும் அடங்காது. மேல் பாதி தனியாக, கீழ் பாதி தனியாக எடுத்து ஒட்ட வேண்டும். கண்ணும் நெற்றியும் மேல் துண்டு. மூக்கும் தாடையும் கீழ்த் துண்டு. நிலா இருக்கும் நாளில் ஒன்றும் நடக்காது. மேகம் இருந்தால் நடக்காது. கோடை விடுமுறையும் அமாவாசைப் பக்கத்து இருட்டும் தெளிந்த வானமும் சேர்ந்து அமைய வேண்டும்.

அதை ஏன் அந்தக் கோடையிலேயே எடுத்தாக வேண்டும் என்றால், எங்கள் ரோடு முக்கில் உயர்கோபுர விளக்கு ஒன்று வரப்போவது உறுதியாகியிருந்தது. கான்கிரீட் பீடம் போட்டு, கம்பம் நிறுத்துவதற்கான போல்ட்டுகள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. கம்பம் வரும்வரை வீணாவானேன் என்று அதில் ஆடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மழைக்காலத்துக்குள் விளக்கு எரியும் என்று பேச்சு. அந்த விளக்கு எரிந்துவிட்டால் என் தெற்கு வானம் முடிந்தது. ரோட்டில் பாம்பை மிதிக்காமல் நடக்க வேண்டும் என்று ஊர் முழுக்க மனு கொடுத்து வாங்கிய விளக்கு அது. மனுவில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், போடாமல் என்ன செய்வது.

சித்திரை தொடக்கத்து இருட்டில் மேல் துண்டை ஆரம்பித்தேன். முதல் சில ராத்திரிகள் அருமையாக அமைந்தன. இடைஞ்சல் எல்லாம் என் கணவரால்தான். ராத்திரி மும்முனை மின்சாரம் வந்ததும் தண்ணீர் மோட்டார் போட டார்ச்சோடு கிளம்புவார். டார்ச்சைக் கீழே பிடித்துக்கொண்டு போகச் சொன்னால், பாம்பு மேலேயிருந்தா வரும் என்று கேட்டுவிட்டு, போகிற வழியில் கொட்டாய்க்குள்ளும் ஒரு அடி அடித்து, குதிரை வந்துவிட்டதா என்று விசாரிப்பார். அவர் விசாரித்த ஒவ்வொரு முறையும் ஒரு படம் பாழ். ஆனாலும் படங்களை அடுக்கிப் பார்த்தபோது, அந்த நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு நீலம் படர்ந்து, கண்ணும் நெற்றியும் லேசாகத் தெரிந்தன. நான் கொட்டாய்க்குள் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். வெளியே நாய் குரைத்தது.

அதற்கடுத்த வாரம் பக்கத்துக் காட்டில் பல்பு எரிய ஆரம்பித்தது.

பக்கத்துக் காடு என் கணவரின் அண்ணனுடையது. நடுவில் கல்லுக்கால் நட்ட கம்பி வேலி. அவர்கள் அந்த வருஷம் புதிதாகச் சாமந்தி நட்டிருந்தார்கள். சாமந்திக்கு ஒரு குணம் உண்டு. ராத்திரி நீளமாக இருந்தால், காலம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு சாண் உயரத்திலேயே மொட்டு விட்டுவிடும். செடி நன்றாக வளர்ந்து கிளைத்து, முகூர்த்தங்கள் வரும் ஆவணியில் பூக்க வேண்டுமானால், நட்ட பிறகு சில வாரங்கள் நடு ராத்திரியில் பல்பு போட்டு அதை ஏமாற்ற வேண்டும். ஓசூர்ப் பக்கமெல்லாம் இது சகஜம். காடு முழுக்கக் கம்பி இழுத்து, வரிசை வரிசையாக வெள்ளை எல்இடி பல்பு தொங்கவிட்டு, டைமர் வைத்திருந்தார்கள். பத்து மணிக்குத் தானாக எரியும், இரண்டு மணிக்குத் தானாக அணையும். என் குதிரை உச்சிக்கு வரும் நேரமும் சரியாக அதுதான்.

அன்றைக்கு எடுத்த படங்கள் பால் ஊற்றினது போல வெளுத்துக் கிடந்தன. வெளிச்சத்தை வடிகட்டும் கண்ணாடிகள் விற்கிறார்கள்தான். ஆனால் என் தூசி நட்சத்திர ஒளியைத் திருப்பி அனுப்புகிற தூசி. அதில் எல்லா நிறமும் கலந்திருக்கும். பல்பிலும் எல்லா நிறமும் கலந்திருக்கும். எதை வடிகட்டுவது?

வேறு யாராவதாக இருந்தால் நேரே போய்க் கேட்டிருப்பேன். அந்தக் காட்டை முழுதாகப் பார்த்துக்கொள்வது என் ஓரகத்தி, அதாவது கணவருடைய அண்ணன் மனைவி. எனக்கும் அவருக்கும் பல வருஷமாகப் பேச்சு இல்லை. காரணம் ஒரு கிரைண்டர். ஒரு பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் நிறைய வந்ததால் எங்கள் கிரைண்டரை வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது குழவியில் விரிசல். விரிசலோடுதான் கொடுத்தாய் என்றார் அவர். முழுசாகத்தான் கொடுத்தேன் என்றேன் நான். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள நான் மறுத்தேன், வைத்துக்கொள்ள அவர் மறுத்தார். இரண்டு வீட்டுக்கும் பொதுவான மோட்டார் ரூமில் இன்றுவரை அது நிற்கிறது. உள்ளே ஒரு ஓணான் குடும்பம் நடத்துகிறது.

பேச்சு இல்லை என்றால் பேசிக்கொள்ளவில்லை என்று அர்த்தம் இல்லை. பேச்சு விட்டுப்போன பெண்கள் எங்கள் பக்கம் ஜாடையில் பேசிக்கொள்வார்கள். சாயங்காலம் அவர் வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார். நான் இந்தப் பக்கம் நாய்க்குச் சோறு வைப்பேன். அவர் மாட்டிடம் சொல்வார். நான் நாயிடம் பதில் சொல்வேன். யாருக்குக் கல்யாணம், யாருக்கு ஆபரேஷன், நாளைக்குக் கரண்ட் இருக்குமா, தக்காளி என்ன விலை, எல்லாம் இப்படித்தான் வேலியைத் தாண்டின. அடுத்தவள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது ஒன்றுதான் விதி. அந்த மாட்டுக்கு எங்கள் குடும்ப விஷயம் மொத்தமும் தெரியும். கேட்டதை வெளியே சொல்லாமல் இருப்பதில் அது என் கணவரைவிட எவ்வளவோ மேல்.

முதலில் கணவரைத்தான் தூது போகச் சொன்னேன். அண்ணனும் தம்பியும் தினமும் ஏரியூரில் ஒன்றாக டீ குடிப்பவர்கள். பொம்பளைங்க விஷயத்தில் நாங்கள் தலையிடுவதில்லை என்று இருவரும் எப்போதோ தங்களுக்குள் பேசி முடித்திருக்கிறார்கள் போல. இது பொம்பளை விஷயம் இல்லை, வானியல் என்றேன். அதைவிட மோசம் என்றார்.

அன்று சாயங்காலம் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு நாயிடம் சத்தமாகச் சொன்னேன். "பாத்தியா, ஊரே தூங்கற நேரத்துல சிலபேரு காட்டுல தேர்த் திருவிழா நடக்குது. வானத்துல இருக்கற குதிரைக்குக் கண்ணு கூசுது."

வேலிக்கு அந்தப் பக்கம் வாளி நகரும் சத்தம் கேட்டது. "மாசம் பொறந்தா சம்பளம் வர்றவங்களுக்கு வானத்துல குதிரை தெரியும்," என்றார் மாட்டிடம். "நமக்குப் பூ வந்தாத்தான் சோறு. நீ தண்ணியக் குடி."

நியாயமான பதில்தான். எரிச்சலாக இருந்தது. எரிச்சல் வந்தால் எனக்குப் பாடம் எடுக்க வரும். அடுத்த நாலைந்து சாயங்காலங்களில் எங்கள் நாய் இந்த மாவட்டத்திலேயே அதிகம் வானியல் படித்த நாயாக ஆனது. தூசி என்றால் என்ன, அதில் எப்படி வெளிச்சம் படுகிறது, அங்கிருந்து கிளம்பிய ஒளி இங்கே வந்து சேர நானூறு ஐநூறு வருஷம் ஆகிறது, வந்து இறங்குகிற நேரம் பார்த்து நாம் பல்பு போட்டால் அதன் கதி என்ன, எல்லாவற்றையும் சொன்னேன். குதிரை இருப்பது அனுஷத்துக்குப் பக்கத்தில் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன். என் ஓரகத்தி அனுஷம். கோயிலில் அவர் அர்ச்சனைக்குச் சொல்லும்போது பின்னால் நின்று பலமுறை கேட்டிருக்கிறேன்.

மறுநாள் மாடு கேள்வி கேட்க ஆரம்பித்தது. அதாவது மாட்டிடம் கேட்கப்பட்டது. நம் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் குதிரை இருக்கிறதாமே, அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது? தலை மட்டும்தான் என்றால் உடம்பு எங்கே போயிற்று? உடம்பு இல்லை, தலை மட்டும்தான் என்று நாயிடம் சொன்னேன். "ஒடம்பில்லாத குதிரைக்குப் புல்லு மிச்சம்," என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் ஒப்பந்தம் கெட்டுவிடும் என்று நாயின் காதைத் தடவிக்கொண்டு குனிந்தபடியே இருந்தேன்.

இதற்கிடையில் நானும் சாமந்தியைப் பற்றிப் படித்திருந்தேன். அந்தச் செடிக்கு நடு ராத்திரியில்தான் வெளிச்சம் வேண்டும் என்று இல்லை. இருட்டு ஒரேயடியாக நீளக் கூடாது, அவ்வளவுதான். பொழுது சாய்ந்ததிலிருந்து பத்து மணி வரைக்கும், பிறகு மூன்று மணியிலிருந்து விடியும் வரைக்கும் பல்பு எரிந்தாலும் செடிக்கு ராத்திரி சின்னதாகவே தெரியும். நடுவில் இருக்கும் நேரம் எனக்கு. இதைக் கணக்கோடு நாய்க்கு விளக்கினேன். புத்தகத்தில் செடி வளர்க்கிறவர்களை நம்பி நாத்து நடவில்லை என்று மாட்டுக்குப் பதில் போயிற்று. அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அன்று ராத்திரி பத்து மணிக்குப் பல்புகள் அணைந்தன. ஓடிப்போய்க் கூரையைத் தள்ளினேன். மூன்று மணிக்குத் திரும்ப எரிந்தபோது, இவ்வளவு அழகான எல்இடி வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் சாயங்காலம், சிலபேருக்கு மனசு பெரிசு என்று நாயிடம் சொன்னேன். "ஆமா, இப்பத்தான் தெரியுது," என்றார் மாட்டிடம். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, ஆனால் குரலில் அவ்வளவு கடுப்பு இல்லை.

வைகாசியின் இருட்டு நாட்களில் மேல் துண்டை முடித்தேன். இடையிடையே மேகம் வந்தது, மாங்காய் ஏற்ற வந்த மினி லாரி ஒன்று ஹெட்லைட்டை என் கொட்டாயைப் பார்த்து நிறுத்தியது, என் கணவர் வழக்கம்போல விசாரித்தார். எல்லாம் தாண்டி நெற்றியும் பிடரியும் கண்ணைச் சுற்றின நீலமும் நன்றாக வந்துவிட்டன. கீழ்த் துண்டைத் தொட்டு, ஓரிரு ராத்திரிகள் எடுத்திருப்பேன். மூக்கு இன்னும் வரவில்லை, வரும் இடத்தில் ஒரு சாம்பல் மட்டும் தெரிந்தது. அதற்குள் நிலா வளர்ந்துவிட்டது. அடுத்த இருட்டுக்காகக் காத்திருந்தேன். பள்ளியையும் திறந்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அவர்கள் மாட்டை விற்றார்கள். பால் வற்றிவிட்டது, தீவனமும் இல்லை, சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார் கணவரின் அண்ணன். என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்வதாக இருந்தால் மாட்டிடம்தானே சொல்லியிருப்பார்கள்.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தேன். ஓரகத்தி வேலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கையில் மாடு கட்டின கயிறு. மாடு இல்லை. என்னைப் பார்த்தார். பல வருஷத்தில் முதல்முறையாக நேராகப் பார்த்தார். வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி பத்து மணிக்குப் பல்புகள் அணையவில்லை. இரண்டு மணி வரைக்கும் பழையபடி எரிந்தன. டைமரை மாற்றிவிட்டார்கள்.

நிலா தேய்ந்து இருட்டு நாட்கள் வந்திருந்தன. முந்தின நாள்தான் ஒரு கோடை மழை கொட்டித் தீர்த்து, காற்றில் இருந்த புழுதியெல்லாம் அடங்கியிருந்தது. அந்த வருஷத்திலேயே அவ்வளவு தெளிவான வானத்தை நான் பார்க்கவில்லை. தேள் முழுசாக, கொடுக்கு வரைக்கும் தெரிந்தது. கீழே வேலிக்கு அப்பால் கண்ணைப் பறிக்கிற வெள்ளை வெளிச்சம். நான் கூரையைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு படமும் எடுக்க முடியாமல் எலி கடித்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் அதே வானம், அதே பல்பு. சாயங்காலம் நாயிடம் வண்டி வண்டியாகப் பேசினேன். சொன்ன சொல் காப்பாற்றாதவர்களைப் பற்றி, கிரைண்டர் உட்பட, எதையும் விடவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பதிலும் இல்லை. பதில் வராதது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. வேண்டுமென்றே செய்கிறாள் என்று தீர்மானமாகிவிட்டது. மூன்றாம் நாளும் வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. மூன்றாம் நாளும் நான் போகவில்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது என் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"நீ நாய்கிட்டப் பேசற. சரி. அவங்க யாருகிட்டப் பேசறது? மாடுதான் இல்லியே."

திருமணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன ஒரே உருப்படியான விஷயம் அது. ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்று அடுத்து சொல்லி அதையும் கெடுத்துக்கொண்டார்.

காலையில் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன்னால் வேலியைச் சுற்றிப் போய், அவர்கள் கேட்டைத் திறந்து உள்ளே நுழைந்தேன். சண்டை போடத்தான் போனேன். வேறு எண்ணம் இருந்ததாக இப்போது சொன்னால் அது பொய். அவர் சாமந்திப் பாத்தியில் குந்தி உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். சுற்றும் முற்றும் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து, வா என்று கூடச் சொல்லாமல், காட்டின் மூலைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். அங்கே ஒரு பாத்தி முழுக்கச் செடிகள் சாண் உயரத்தில் நின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் பச்சை மொட்டு.

"உன் கணக்கக் கேட்டு மாத்தி வெச்சேன்," என்றார். "பாரு, மொட்டு வந்துடுச்சி. இது அப்படியே காடு பூரா வந்தா நான் எங்க போறது?"

நான் சுற்றிலும் பார்த்தேன். மற்ற பாத்திகளில் செடிகள் முழங்காலைத் தொட்டு நின்றன. மொட்டு ஒன்று கூட இல்லை. மூலையில் மட்டும்தான். அண்ணாந்து பார்த்தேன். அந்தப் பாத்திக்கு மேலே தொங்கிய பல்பு உள்ளே கறுத்துப் போயிருந்தது. பகலில் எல்லாப் பல்பும் அணைந்துதான் இருக்கும். ராத்திரியில் அவர் அந்த மூலைக்கு வருவதில்லை. நானோ ராத்திரி ராத்திரியாக அந்தப் பல்புகளை வயிறெரிந்து பார்த்துக்கொண்டிருந்தவள். கண்ணுக்குத் தெரியாத தூசியைத் தேடுகிறேன் என்று உட்கார்ந்திருந்தவளுக்கு, வரிசையில் ஒரு பல்பு எரியாமல் இருந்தது தெரியவில்லை.

கையை மேலே காட்டினேன். அவரும் அண்ணாந்து பார்த்தார். இரண்டு பேரும் அந்த ஃபியூஸ் போன பல்பைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம்.

"இத எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்றேன்.

"சொல்லலாம்னுதான் அன்னிக்கு வேலிகிட்ட வந்தேன்," என்றார். "கையில கயிறு மட்டும்தான் இருந்துச்சி."

எனக்கு அதற்கு மேல் சண்டை வரவில்லை. பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் புதுப் பல்பு மாட்டினார்கள். ராத்திரி பத்து மணிக்கு எல்லாம் அணைந்தது. கும்மிருட்டு. நான் கூரையைத் தள்ளினேன். மேற்கிலிருந்து மேகம் வந்து வானம் மொத்தமும் மூடியிருந்தது. மறுநாளும் மூடியிருந்தது. தென்மேற்குக் காற்று கிளம்பிவிட்டால் எங்கள் பக்கம் மழை பெய்யுமோ இல்லையோ, மேகம் மட்டும் நகராது. நான் ஆனி முழுக்கத் தினமும் கூரையைத் திறந்து மூடினேன். சக்கரத்துக்கு எண்ணெய் போட்டதுதான் மிச்சம். ஒரு நாள் பள்ளியிலிருந்து திரும்பும்போது ரோடு முக்கில் ஆடுகளை அவிழ்த்துவிட்டுக் கம்பம் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அந்த வாரமே விளக்கு எரிந்தது. ஊருக்கு நல்லதுதான். ராத்திரி என் கொட்டாய்க்குள் புத்தகம் படிக்கலாம், அவ்வளவு வெளிச்சம்.

எடுத்தவரைக்கும் அடுக்கி ஒட்டினேன். மேலே கண், நெற்றி, பிடரி, எல்லாம் நீலமாக, நான் ஆசைப்பட்டதைவிட அழகாக. கீழே வர வர மங்கி, மூக்கும் தாடையும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறப் புள்ளிகள். இதைப் பார்த்து நான் அழுதேன். ஒரு படத்துக்கா அழுகிறாய் என்று கணவர் கேட்டார். ஆமாம், படத்துக்குத்தான் என்றேன்.

அவர்தான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் ஓரகத்தி முதல்முறையாக என் கொட்டாய்க்கு வந்தார். கூரையை ஒருதரம் தள்ளிப் பார்த்தார், பரவாயில்லை என்று முகத்தை வைத்துக்கொண்டார், கோழிக்குப் பத்தாது என்றார். நாற்காலியைக் கொடுத்தேன். வேண்டாம் என்று வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். லேப்டாப்பில் படத்தைத் திறந்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"மூக்கு எங்க?" என்றார்.

"அந்த மூணு ராத்திரியில வந்திருக்கும்," என்றேன்.

"இனிமே வராதா?"

"வராதுங்க. லைட்டு போட்டுட்டாங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "நீ வந்து கேட்டிருக்கலாமில்லடி," என்றார். நீங்கள் வேலி தாண்டி வந்திருக்கலாமே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவருக்கும் அது கேட்டுவிட்டது போல. இரண்டு பேரும் மறுபடி குதிரையைப் பார்த்தோம்.

ஆவணியில் அவர் காடு முழுக்க மஞ்சளாகப் பூத்தது, அந்த மூலைப் பாத்தி தவிர. என் கணக்கு சரி என்று இரண்டு வீட்டிலும் கேட்கிற மாதிரி ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் பறியில் ஒரு கூடைப் பூ வீட்டுக்கு வந்தது. அதற்குப் பதிலாகப் படத்தைத் தருமபுரியில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டிக் கொடுத்தேன். அவர் வீட்டில் டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறார். குதிரையின் நெற்றியில் குங்குமம் வைத்திருக்கிறார். அங்கே நல்ல நீலம் இருந்தது, அதன்மேல் அப்பிவிட்டீர்களே என்றேன். என் நட்சத்திரத்துப் பக்கத்துக் குதிரைக்கு நான் வைக்கிறேன் என்றார். கிரைண்டரைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. அது தனி வழக்கு.

போன மாதம் அவர் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். நான் பலகாரம் சுடுவதில் கூடமாட உதவப் போயிருந்தேன். கூடத்தில் ஓரகத்தி படத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தது சமையலறைக்குக் கேட்டது. தூசி, நட்சத்திர வெளிச்சம், ஐநூறு வருஷம், ஒன்றுவிடாமல் சொன்னார். நாய்க்கு எடுத்த பாடம் வீண் போகவில்லை. விருந்தாளி ஒருவர், குதிரைக்கு மூக்கையே காணோமே என்று கேட்டார்.

நான் கரண்டியோடு எட்டிப் பார்த்தேன். ஓரகத்தி அந்தச் சாம்பல் இடத்தில் விரலை வைத்திருந்தார்.

"இதுவா? இது நாங்க ரெண்டு பேரும் பேசாம இருந்த மூணு நாளு," என்றார்.

மூன்று நாளாம். நான் கணக்கு டீச்சர். அதைத் திருத்தாமல் திரும்பி வந்து, எண்ணெயில் கிடந்த வடையைப் புரட்டிப் போட்டேன்.